ஓம் விதியும் அத்தையின் வளையலும்

(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றையும் பிணைக்கும் ஓம் விதியைப் பள்ளிப் பருவத்திலிருந்தே நாம் அனைவரும் மனப்பாடம் செய்து வருகிறோம். தேர்வுத் தாளில் அதற்கு இரண்டு மதிப்பெண். ஆம்பூரில் மைக் செட் கடை வைத்திருக்கும் என் தாய்மாமனுக்கோ அதன் மதிப்பு சென்ற ஆண்டு நான்கு பவுன். எப்படி என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

மாமா இளமையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தோலை ஊறவைத்துச் சுழற்றும் அந்தப் பெரிய மர டிரம்கள் எழுப்பும் அடித்தொண்டை முழக்கம் காதில் விழுவதற்கு முன்பே காலில் தெரியும் என்பார். 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதியில்லாத தொழிற்சாலைகள் மூடப்பட்ட காலத்தில் அவர் வேலையை விட்டு மைக் செட் தொழிலுக்கு வந்தார். இரண்டு குழாய், ஓர் ஆம்ப்ளிபயர், ஒரு டேப் ரிக்கார்டர் ஆகியவைதாம் முதல் மூலதனம்.

அந்தக் குழாய் ஒலிபெருக்கிகளின் காலத்தில் பொருத்தம் பார்ப்பது எளிதாக இருந்தது. ஒவ்வொரு குழாயினுள்ளும் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் இருக்கும். ஆம்ப்ளிபயரிலிருந்து 100 வோல்ட் லைன் போகும். குழாய்களில் எழுதியுள்ள வாட்டுகளைக் கூட்டினால் ஆம்ப்ளிபயரின் வாட்டுக்குள் அடங்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. பத்துக் குழாயைத் தெரு நெடுகக் கட்டினாலும் யாருக்கும் ஓம் விதி தேவைப்படவில்லை. ஆனால் குழாயில் தாழ்ந்த சுருதி பிறக்காது. மேளத்தின் நாதம் அதில் தட்டையாகிவிடும். பாட்டின் சொல் கேட்கும், நெஞ்சு அதிராது.

இன்றைய இளைஞர்கள் கேட்பதோ அந்த அதிர்வைத்தான். 'டி.ஜே.' என்று பெயர்ப் பலகை மாறியபோது மாமாவும் குழாய்களை இறக்கிவிட்டு, 15 அங்குல ஸ்பீக்கர் பொருத்திய நான்கு பாஸ் பெட்டிகளை வாங்கினார். சப்வூபர் என்று படித்தவர்கள் சொல்வது இதைத்தான். திருமண ஊர்வலம், பிறந்தநாள், கோயில் விழா என்று வாடகை வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் சிரசு புறப்பட்டுக் கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலைச் சேரும் அந்த நாளில் ஊரே தெருவில் நிற்கும். ஒலி, ஒளி வேலை பார்ப்பவர்களுக்கு அதுதான் தீபாவளி, அதுதான் பொங்கல்.

சென்ற ஆண்டு அந்த விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கையில், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பெட்டிகளில் காயில் கருகிற்று. ஸ்பீக்கரின் காகிதக் கூம்புக்குப் பின்னால், காந்தத்தின் இடுக்கில் அசையும் மெல்லிய செப்புக் கம்பிச் சுருள்தான் காயில். மாமாவின் குடும்பம் உண்ணும் சோறு அந்தக் கம்பியில்தான் தொங்குகிறது. ஒவ்வொரு முறையும் புதுச் சுருளும் கூம்பும் மாற்றக் கூலி அழவேண்டும். ஒப்புக்கொண்ட வாடகைக்கு வேறு கடையில் பெட்டி கேட்டு நிற்க வேண்டும்.

"மாப்ளே, பொட்டி நாலு கீது. ஆம்பு ரெண்டாயிரம் வாட் கீது. அப்புறம் இன்னாத்துக்குடா காயில் கருகுது? நீ பிசிக்ஸ்தான படிக்கிற?" என்று மாமா கேட்டார்.

பொருள் விற்கும் கடைக்காரர் ஒருவர் அதற்குள் விடை சொல்லியிருந்தார்: "ஆம்பு பத்தலண்ணே. அதான் திணறிக் காயிலைச் சுடுது. ஐயாயிரம் வாட் போட்டுடுங்க." அந்த ஐயாயிரத்துக்குத்தான் அத்தையின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போக இருந்தன. அத்தை மறுப்பேதும் சொல்லவில்லை; வளையலைக் கழற்றி அரிசி டின்னில் வைத்துவிட்டு, "எப்ப வேணுமோ எடுத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னார்கள். அந்தப் பேச்சற்ற சம்மதந்தான் என்னைக் காகிதமும் பென்சிலும் எடுக்க வைத்தது.

முதலில், ஒட்டிய வாட்டையும் உண்மை வாட்டையும் பிரித்தறிய வேண்டும். மாமாவின் ஸ்பீக்கரில் பெரிய எழுத்தில் 1200 வாட் என்றிருந்தது. அது கண நேர உச்சம். தொடர்ந்து தாங்கக்கூடியது, அதாவது ஆர்.எம்.எஸ். என்று குறிப்பது, அடியில் சிறிய எழுத்தில் 300. ஆம்ப்ளிபயரிலும் இதே கதை. கூட வந்த தாளில் 8 ஓமுக்கு ஒரு சேனலில் 450 வாட், 4 ஓமுக்கு 700 வாட் என்று போட்டிருந்தது. பலகையில் மின்னும் 2000 என்பது 2 ஓமில் இரு சேனல்களையும் கூட்டிவந்த தொகை. நம் ஊரில் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்வார்களே, ஏறத்தாழ அந்த வகை.

மாமாவின் பெட்டி ஒவ்வொன்றும் 8 ஓம். ஒரு சேனலில் இரண்டு பெட்டிகளை இணையாகப் பொருத்தினால் 4 ஓம். ஆகவே ஒரு சேனலின் 700 வாட்டை இரு பெட்டிகள் பகிர்ந்துகொள்ள, தலைக்கு 350 வர வேண்டும். வருகிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு நிச்சயதார்த்த இரவில் மல்டிமீட்டரோடு நானும் வண்டியில் ஏறினேன். பாட்டில் அடி விழும்போதெல்லாம் ஆம்ப்ளிபயர் செருகியிருந்த இடத்தில் மின்னழுத்தம் 190 வோல்ட்டுக்கு இறங்கியது. ஜெனரேட்டர் தொலைவில் நின்றது, மெலிந்த வயர், அதே வயரில் போகஸ் விளக்குகளும் சீரியல் செட்டும். இவ்வகை ஆம்ப்ளிபயரில் திறன், மின்னழுத்தத்தின் இருமடிப்படி குறையும். 230க்குப் பதில் 190 என்றால், 700 வாட் 478 ஆகிவிடுகிறது. அடுத்து ஸ்பீக்கர் வயர். பந்தலின் இருபுறமும் பெட்டிகளை வைத்ததால் ஒவ்வொரு பக்கமும் 15 மீட்டர் ஓடிற்று. போகவர 30 மீட்டர். செம்புதான், ஆனால் 0.75 சதுர மில்லிமீட்டர். அதன் மின்தடை ஏறத்தாழ 0.7 ஓம். 4 ஓம் சுமைக்கு முன்னால் 0.7 ஓம் நின்றால் பெட்டியைச் சேரும் திறனில் நூற்றுக்கு 27 பங்கு குறைந்துபோகிறது. ஆக, 2000 வாட் என்று பலகை போட்ட கருவியிலிருந்து ஒரு பெட்டிக்கு வந்து சேர்ந்தது 175 வாட்.

"அப்ப 300 வாட் தாங்கறது 175க்கு எப்படிடா கருகும்?" என்று மாமா மடக்கினார். நியாயமான கேள்வி. விடை சிவப்பு விளக்கில் இருக்கிறது. சத்தம் போதவில்லையென்று கூட்டத்தினர் கத்தக் கத்த, பையன்கள் திருகைத் திருப்பிக்கொண்டே போவார்கள். ஆம்ப்ளிபயரால் அலையின் உச்சியை எட்ட முடியாதபோது அந்த உச்சி கத்தியால் சீவியதுபோல் தட்டையாகிறது. கிளிப் என்னும் சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறது. முற்றிலும் தட்டையான சதுர அலை, அதே உயரமுள்ள சைன் அலையைப்போல் இருமடங்கு வெப்பம் தரும். 175 இப்போது 350. அதுவும் இடைவெளியில்லாத அடிப்பாட்டுகள், மணிக்கணக்கில். சாதாரணப் பாட்டில் ஒலிக்கும் ஓய்வுக்கும் இடையே காயில் மூச்சு வாங்கும். இங்கே அதற்கு வாய்ப்பே இல்லை. கழற்றிப் பார்த்த காயிலும் சாட்சி சொன்னது. கூம்பு எல்லை மீறி அசைந்து முட்டியிருந்தால் சுருளின் விளிம்பு நசுங்கியிருக்கும். இது சுற்றிலும் ஒரே சீராகக் கருகியிருந்தது. வெப்பத்தால் போன உயிர்.

சின்ன ஆம்ப்ளிபயர் ஸ்பீக்கரைச் சுடும் என்று இந்தத் தொழிலில் ஒரு வேதவாக்கு உண்டு. பாதிதான் உண்மை. சின்ன ஆம்ப்ளிபயர் தன்பாட்டில் யாரையும் சுடாது. அதைப் பெரியதாக நடிக்கச் சொல்லும் கைதான் சுடுகிறது.

இனி ஐயாயிரம் வாட் கருவிக்கு வருவோம். அதன் தாளில் 4 ஓமுக்கு 1800 வாட் என்றிருந்தது. பெட்டி ஒன்றுக்கு 900. ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். அளவைப்போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரு மடங்கு வரை ஆம்ப்ளிபயர் இருக்கலாம் என்பது பொது விதி. அதன்படி மாமாவுக்குத் தேவை 450 முதல் 600. அதுவும் கை கட்டுப்பாடுள்ளவனிடம். 900ஐ நம் பையன்களிடம் கொடுத்தால் வைகாசி முதல் நாள் நள்ளிரவுக்கு முன்பே நான்கு காயிலும் கருகியிருக்கும். வளையலும் போய், வட்டியும் ஏறியிருக்கும். அதே கடைக்காரர் இன்னொரு யோசனையும் சொன்னார்: பிரிட்ஜ் போட்டு நான்கு பெட்டியையும் ஒன்றாக மாட்டுங்கள் என்று. நான்கு பெட்டி இணையாகச் சேர்ந்தால் 2 ஓம். பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலும் அதில் பாதியை, 1 ஓமைத்தான் உணரும். அந்தச் சுமைக்கு அமைக்கப்படாத ஆம்ப்ளிபயர் இது.

நிற்க. நாங்கள் செய்தது என்ன? ஜெனரேட்டரிலிருந்து ஆம்ப்ளிபயருக்குத் தனியாகத் தடித்த வயர் இழுத்து, விளக்குகளை வேறு வழியில் பிரித்தோம். அடி விழும்போதும் 220 வோல்ட் நின்றது. நான்கு பெட்டிகளையும் பந்தலின் ஒரே இடத்தில் நெருக்கி அடுக்கினோம். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அதைவிட மிக நெருங்கி நிற்கும் பெட்டிகள் ஒரே பெரிய பெட்டிபோல் சேர்ந்து முழங்கும். எதிரெதிரே தள்ளி வைத்தால் சில இடங்களில் முழக்கமும் சில இடங்களில் வெறுமையுமாகக் கிடக்கும். பெட்டிகள் அருகில் வந்ததால் 4 சதுர மில்லிமீட்டர் வயர் 5 மீட்டர் போதுமாயிற்று. இழப்பு நூற்றுக்கு 2. கிராஸ்ஓவரில் 90 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை மேல் பெட்டிகளுக்கு அனுப்பி, 35 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டதை வெட்டினோம். வாய் வைத்த பெட்டியில் அதற்கும் கீழே கூம்புக்குப் பிடிமானம் கிடையாது. வீணாக ஆடி உதைக்கும். கடைசியாக, ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டுக் கைப்பேசியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஒலியைச் செலுத்தி, எவ்வளவு திருகினாலும் 48 வோல்ட்டைத் தாண்டாதபடி லிமிட்டரை நிறுத்தினோம். 48ஐ 48ஆல் பெருக்கி 4 ஓமால் வகுத்தால் 576 வாட். வயர் இழப்புப் போக, பெட்டிக்கு ஏறத்தாழ 280. காயில் தாங்குவது 300.

செலவு வயருக்கு மட்டுந்தான். கிராஸ்ஓவரும் அதனுள்ளிருந்த லிமிட்டரும் முன்பே கடையில் இருந்தவை. எதற்கென்று தெரியாமல் சும்மா கிடந்தன. குடியாத்தத்தில் அன்றிரவு அந்த நான்கு பெட்டிகளும் பிழைத்தன. முந்தைய ஆண்டைவிட இருமடங்கு சத்தம் என்று மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். கணக்குப்படி அது மிகை. திறன் இரட்டித்தாலே 3 டெசிபல்தான் கூடும்; காதுக்கு இருமடங்காகத் தோன்றப் பத்து மடங்கு திறன் வேண்டும். சிதையாத ஒலி பெரிதாகத் தோன்றும் என்பதே இதிலுள்ள சூட்சுமம். நான் மறுத்துப் பேசவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெட்டிக்கு லிமிட்டர் வைத்தோம். பெட்டியருகே நிற்கும் பையன்களின் காதுக்கு யார் வைப்பது? 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்றும் தொழில்நல அறிஞர்கள் வரம்பு வகுத்துள்ளனர். 100 டெசிபலுக்குக் கால் மணி நேரந்தான். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றங்களைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விழாக்களுக்குச் சில நாட்கள் நள்ளிரவு வரை அரசு தளர்வு அளிக்கலாம். ஆனால் அவ்விதிகளின் டெசிபல் 'ஏ' அளவுகோலைச் சார்ந்தது. அந்த அளவுகோல் 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபலைக் கழித்துவிடும். மீட்டர் சாதுவாக நிற்க, தொட்டிலில் குழந்தை அலறும். மாமா இப்போது பையன்களுக்குக் காதடைப்பான் வாங்கித் தந்திருக்கிறார். அணிவது பாதிப்பேர்.

இன்னொரு சிறு செய்தி. காயில் மாற்றி வந்த பெட்டி ஒன்றைச் சேர்த்ததும் முழக்கம் கூடாமல் குறைந்தது. கூட்டு, கழித்தல் முனைகளை மாற்றிப் பற்றவைத்திருந்தார்கள். ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போய், ஒன்றின் ஒலியை மற்றொன்று விழுங்கியது. 9 வோல்ட் பேட்டரியை முனைகளில் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே வரவேண்டும். உள்ளே போனால் வயர் மாறியிருக்கிறது என்று பொருள். இப்போதெல்லாம் வண்டியில் ஏற்றுமுன் மாமாவே நான்கு பெட்டிகளையும் அப்படித் தொட்டுப் பார்க்கிறார். அந்தப் பேட்டரி இருப்பது அத்தையின் அரிசி டின் மூடிமேல்.