விளம்பரம் செய்யாதீர்

பழங்காநத்தத்தில் சொந்தமாகக் காம்பவுண்டுச் சுவர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். வெள்ளையடித்துக் காய்வதற்குள் யாராவது போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். கம்ப்யூட்டரும் அப்படித்தான் ஆகிவிட்டது.

பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் போன வாரம் கூப்பிட்டார். 'தம்பி, கம்ப்யூட்டருக்கு ஆபத்துன்னு செவப்பா வருது. பணம் கட்டிரவா?' ஓடிப்போய்ப் பார்த்தேன். லேப்டாப்போடு ஒட்டிக்கொண்டு வந்த ஆன்டிவைரஸ், ட்ரையல் முடிந்துவிட்டதாம். பென்ஷன் பணம் நூலிழையில் தப்பித்தது.

2013ல் உத்தரப் பிரதேச அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்தபோது, ஆன் செய்ததும் முலாயம் சிங்கும் அகிலேஷும் திரையில் தரிசனம் தந்தார்கள். அது இலவசம், போகட்டும். காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் 10லும் ஸ்டார்ட் மெனுவில், நாம் கேட்காமலே கேண்டி க்ரஷ் உட்கார்ந்திருந்தது. 2024 ஏப்ரலில் விண்டோஸ் 11ன் ஸ்டார்ட் மெனுவுக்கும் விளம்பரம் வந்தது. பெயர் மட்டும் 'பரிந்துரை'.

நிறுத்த வழி இருக்கிறது. செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், ஸ்டார்ட் என்று உள்ளே போனால் பரிந்துரைகளை அணைக்க ஒரு சுவிட்ச். வாத்தியாருக்கு அணைத்துக் காட்டினேன்.

'தம்பி, என் வீட்டுச் சுவத்துல ஒட்டாதேன்னு நான்தான் எழுதி வைக்கணுமா?' என்றார்.

ஆமாம் சார். அதுவும் ஒவ்வொரு சுவரிலும் தனித்தனியாக.