மரக்காணத்து வெள்ளை வயல்கள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 120 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால் மரக்காணம் வருகிறது. புதுச்சேரிக்குப் போகிறவர்கள் பலர் இந்த ஊரைத் தூக்கத்திலேயே கடந்துவிடுவது வழக்கம். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டதும் நானும் என் நண்பர் ஒருவரும் விழித்துக்கொண்டே வந்து இறங்கினோம். இறங்கியவுடன் கண் கூசிற்று. சாலை ஓரம் நெடுக வெள்ளை வெளேரென்று பாத்திகள். நடுநடுவே குவியல் குவியலாக உப்பு.

"வாத்தியாரே! வயலில் பனி பெய்திருக்கிறதா என்ன?" என்றார் நண்பர். அக்கினி நட்சத்திர வெயில் அவருக்குத் தக்க பதில் சொல்லிற்று.

ஊர் மிகப் பழையது. சிறுபாணாற்றுப்படையில் வரும் ஓய்மா நாட்டு எயிற்பட்டினம் இதுவே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். அந்த நூலிலேயே உமணர்களின் உப்பு வண்டிகளும் வருகின்றன. பூமீசுவரர் கோயில் சுவர்களில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆந்திர தேசத்திலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்ஹாம் கால்வாய் வந்து முடிவதும் இங்கேதான். படகுகள் ஓடிய காலத்தில் இந்தக் கரையின் உப்பும் சவுக்கு விறகும் அதன் வழியாகப் பட்டணம் போய்ச் சேர்ந்தன. ஊரை அடுத்துள்ள கழுவெளி 2021-ம் வருஷத்தில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

கடல் நீரை வெயிலில் விட்டால் உப்பு தானே விளையும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன் நான். இங்கே வந்து பார்த்த பிறகு அந்தப் பாடத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. பருவத் தொடக்கத்தில் பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். உவர்நீரைப் பாய்ச்சி, பாத்திக்குப் பாத்தி மாற்றி, வற்ற வைக்க வேண்டும். நீரின் அடர்த்தி போமே மானியில் சுமார் 25 பாகைக்கு ஏறிய பின்னரே உப்புப் பூக்கிறது. நீண்ட கழியில் கோத்த பலகையால் அதை வாரி, தலைச்சுமையாக மேட்டுக்குக் கொண்டு போகிறார்கள். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் விளைந்ததெல்லாம் கரையும். ஐப்பசி பிறந்துவிட்டாலோ வேலையே கிடையாது.

ஒரு பிடி உப்புக்காக 1930-ம் வருஷத்தில் ராஜாஜியின் தலைமையில் வேதாரணியம் சென்ற தொண்டர்கள் சிறை புகுந்தார்கள். 1947 ஏப்ரல் முதல் தேதி உப்பு வரி ஒழிந்தது. உப்பை வாரும் கைகளின் கடன் மட்டும் ஒழியவில்லை.

வரப்பில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம், "மழைக்காலத்தில் ஜீவனம் எப்படிப் பெரியவரே?" என்று கேட்டேன்.

"முன்பணம் வாங்குவோம் ஐயா. தையில இறங்கி உழைச்சுக் கழிக்கணும். கழிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்த மழை வந்துடும்" என்றார்.

முன்பணம் போதாதபோது வட்டிக்கு வாங்குகிறார்கள். மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டி என்றால், 10,000 ரூபாய்க்கு வருஷத்தில் 6,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும். முதல் அப்படியே நிற்கும். உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை அண்மை வருஷங்களில் தமிழ்நாட்டு அரசாங்கம் தொடங்கியது. அது நல்ல காரியமே. ஆனால் மூன்று மாத மழைக்கு அது எத்தனை நாள் காணும்?

உப்பளத்தை விட்டு மேற்கே நடந்தால் காட்சி மாறுகிறது. சவுக்குத் தோப்பு, மணிலாக் கொல்லை, தர்பூசணிக் கொடி. இங்குள்ள சிறு குடியானவர்களுக்குப் புகலிடம் ஒன்று உண்டு. நம் பாட்டனார்கள் 'ஐக்கிய நாணய சங்கம்' என்று சொன்ன கூட்டுறவுக் கடன் சங்கமே அது. ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் ஏழைக் குடியானவர்களுக்காக அமைத்த சங்கங்களை ஆராய்ந்து, பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி 1895-லும் 1897-லும் சென்னை அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். 1904-ல் சட்டம் பிறந்தது. அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்திலேயே, அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில், இந்தியாவின் முதல் கிராமக் கடன் சங்கம் பதிவாயிற்று. அந்தப் பெருமை நம் தமிழ்நாட்டுக்கு உரியது.

ஆயினும் வளர்ச்சி மெதுவாகவே இருந்தது. 1951-52-ல் நாடெங்கும் கணக்கெடுத்தபோது, கிராமக் கடனில் நூற்றுக்கு 3 பங்கே சங்கங்கள் கொடுத்தவை. ஏறக்குறைய 70 பங்கு லேவாதேவிக்காரர் கொடுத்தவை. பிற்காலத்தில் நிலைமை மிகவும் திருந்தியது. தமிழ்நாட்டில் சங்கத்தின் பயிர்க் கடனைத் தவணை தவறாமல் கட்டினால் வட்டியே இல்லை என்ற ஏற்பாடும் வந்தது.

மணிலாக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாளிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "சங்கத்துல சிட்டா கேக்குறாங்க ஐயா. இது குத்தகைக் கொல்லை, ஒரு காணி. சிட்டா பட்டணத்துல இருக்குற முதலாளி பேர்ல இருக்கு" என்றார்.

பூமி ஒருவர் பேரில், பாடு ஒருவர் பேரில்! 2021-ல் அரசாங்கம் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்தது. கடனே கிடைக்காதவருக்குத் தள்ளுபடியால் என்ன லாபம்?

இந்த அம்மாளுக்குக் கை கொடுத்தது மகளிர் சுய உதவிக் குழு. 1989-ல் தர்மபுரி ஜில்லாவில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவிய ஏற்பாடு அது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் கூடிச் சிறுகச் சிறுகச் சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்கிறார்கள். கணக்கு ஒழுங்காக இருந்தால் பாங்கியும் ஈடு கேளாமல் கடன் தருகிறது. அன்று மாலை வேப்ப மரத்தடியில் அவர்களுடைய கூட்டம். "வாத்தியார் ஐயா, கூட்டல் சரியான்னு பாருங்க" என்று நோட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்கள். முப்பது பக்கங்கள் பார்த்தேன். ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. உப்பளத்துப் பெரியவரின் மருமகளும் அங்கே இருந்தாள். "போன மழைக்கு முன்பணம் பாதிதான் வாங்கினோம் ஐயா" என்றாள்.

சிறு கடனெல்லாம் நல்ல கடன் என்று நான் சொல்லவரவில்லை. ஒன்றை அடைக்க மற்றொன்று வாங்கி அமிழ்ந்தவர்கள் உண்டு. ஆந்திரத்தில் தனியார் நிறுவனங்கள் கடனை வசூலித்த முறை பெருந்துன்பமாகி, 2010-ல் அரசாங்கம் அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. சேமிப்பு முன்னும் கடன் பின்னும் வரவேண்டும்; கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே மரத்தடியில் உட்கார வேண்டும். கூட்டுறவுச் சங்கமும் குத்தகைக்காரரையும் உப்பளத்தாரையும் தேடி இன்னும் சிறிது தூரம் நடந்து வரவேண்டும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள் பெரியோர். நேயர்களே! இன்றிரவு ரசத்தில் உப்புக் குறைந்தது என்று குறை சொல்லுமுன், பாதி முன்பணத்தோடு மழையைக் கடந்த அந்தக் குடும்பத்தையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.