பூனைப்பிடி

“இன்னைக்குக் காலையிலதான் தம்பி கிடைச்சுச்சு” என்றேன். பொய். கூடைக்குள் இருந்த குட்டி என் வீட்டு அடுப்படியில் நாலு ராத்திரி படுத்திருந்தது. செண்பகத்தோப்பு வனத்துறைச் செக்போஸ்ட்டுக்கு முன்னால், புளியமர நிழலில் நின்றுகொண்டு, நாற்பத்தாறு வயதில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி அந்தப் பொய்யைச் சொன்னேன். எதிரே நின்ற வேட்டைத் தடுப்புக் காவலர் கூடைக்குள் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், “சரிங்க அண்ணாச்சி” என்றார். அவ்வளவுதான்.

எனக்குத் தொழில் பால்கோவா கிண்டுவது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. விடிகாலை நாலு மணிக்கு அடுப்புப் பற்ற வேண்டும். பத்து லிட்டர் பாலையும் ஒன்றேகால் கிலோ சீனியையும் விறகுத் தீயில் சுண்ட வைத்தால் மூன்று கிலோவுக்கு மேல் கொஞ்சம் தேறும். கடைசிப் பத்து நிமிஷம் கை நிற்கக் கூடாது, நின்றால் அடிப்பிடித்துவிடும். புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், அடிப்பிடித்த வாசனையோடு வெளியே போனால் முதலாளி சும்மா விடமாட்டார். அவருக்கு ஆகாதவை இரண்டு: ஒன்று அடிப்பிடித்த கோவா, இன்னொன்று பூனை.

பூனை ஆகாது என்பதில் நியாயம் இருக்கிறது. பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த மாதிரி என்பார்கள். என்னை வேலைக்கு வைத்தபோது அவர் செய்தது கிட்டத்தட்ட அதுதான். வீட்டில் எனக்கு ஐந்து பூனைகள். காலை மூன்றரைக்கு எழுந்தால் முதல் காரியம், மடியில் ஏறியவற்றை இறக்கிவிட்டுக் குளிப்பது. குளித்த பிறகு எதையும் தொடமாட்டேன். சட்டையை வாசல் கொடியில் தனியாகப் போட்டிருப்பேன், அதை மாட்டிக்கொண்டு நேரே சைக்கிள். பால்கோவாவில் ஒரே ஒரு பூனைமுடி போதும், பெயர் கெட. முதலாளிக்கு நான் பூனை வளர்ப்பது வருஷக்கணக்காகத் தெரியாது.

இப்படி ஒளித்துப் பூனை வளர்ப்பவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் என்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. சத்திரப்பட்டியில் ஒரு நண்பர் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் இருக்கிறார். புண்ணில் கட்டுகிற துணி. அவர் தறிக்கூடத்துக்கு ஒரு கைலி, பூனைக்கு ஒரு கைலி என்று பிரித்து வைத்திருக்கிறார். மார்க்கெட்டில் மீன் விற்கிற அக்காவுக்கு அந்தக் கவலை இல்லை, மீன் அலசிய தண்ணீரை ஊற்றுகிற இடத்தில் எட்டுப் பூனைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். என்னைக் கண்டதும் தலையும் வாலும் தனியாகப் பொட்டலம் கட்டிவிடுவார். “உன் பிள்ளைகளுக்கு” என்பார், காசு வாங்கமாட்டார். ராஜபாளையத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். அவர் பாடுதான் பெரிய பாடு. 2005ல் தபால்தலை போட்டுக் கௌரவித்த நாய் ஜாதி பிறந்த ஊரில், தெருவுக்கு நாலு வெள்ளை நாய் கட்டிக் கிடக்கும் இடத்தில், மாடிப்படிக்கு மேல் வலை அடித்து மூன்று பூனை வளர்க்கிறார். “நாயை வளர்த்தா வீரம்கிறான், பூனையை வளர்த்தா பொழப்பில்லாதவன்கிறான்” என்று அலுத்துக்கொள்வார். குறுக்கே போனால் சகுனத்தடை, வீட்டுக்குள் வந்தால் பால் திருடு. பூனைக்கு நல்ல பெயர் சொல்ல ஆள் குறைவு.

ஆனால் கோயிலில் சொன்னார்கள். ஆடிப்பூரச் சமயம் ஒரு உபந்யாசம். மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இரண்டை விளக்கினார் பெரியவர். குரங்குக்குட்டி தாயை இறுகக் கட்டிக்கொள்கிறது, பிடி தளர்ந்தால் விழுந்துவிடும். நாமும் முயன்று பகவானைப் பிடிக்க வேண்டும் என்பது வடகலையார் பக்கம். பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது, கண்ணை மூடிக் கிடக்கும், தாய் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். அவன் தூக்குவான், நீ சும்மா இரு என்பது தென்கலையார் பக்கம். எங்கள் ஊர் தென்கலை. ஆண்டாள் தோளில் இருப்பதென்னவோ கிளிதான், ஆனால் சித்தாந்தம் பூனையுடையது என்று அன்று எனக்கு ஒரே பெருமை. குரங்குப்பிடி என்று தமிழில் சொல் இருக்கிறது, பூனைப்பிடி என்று ஏன் இல்லை என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். அந்தப் பெருமைதான் பின்னால் என் கண்ணை மறைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

2024 பங்குனிக் கடைசி. செண்பகத்தோப்புப் போகிற ரோட்டில் என் மச்சான் மாந்தோப்புக் குத்தகை எடுத்திருந்தார். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் காய் பிடித்திருந்த நேரம், லீவு நாளில் காவலுக்கு நான் போவேன். தோப்பு ஓரத்துத் தென்னையிலிருந்து விழுந்த மட்டைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். அன்று வேலையாட்கள் குவியலைப் பிரித்தபோது அடியில் சத்தம். நான் போய்ப் பார்க்கையில் மண்ணிற முதுகும் மங்கலான வரியுமாக ஒரே ஒரு குட்டி. உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிசு.

“காலையில மூணு கிடந்துச்சு. தாய் ரெண்டைக் கொண்டுபோயிருச்சு. இதையும் தூக்க வரும், மட்டையைப் போட்டு மூடிட்டு எல்லாரும் அங்கிட்டுப் போங்க” என்றார் களையெடுக்க வந்த ஒரு பாட்டி.

அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. நான் கேட்கவில்லை. பூனையைப் பற்றி எனக்கு இவர் சொல்வதா என்ற எண்ணம். ஐந்து பூனை வளர்த்தவன், எத்தனை குட்டிக்குப் பஞ்சில் நனைத்துப் பால் கொடுத்தவன். குட்டி அழுதுகொண்டிருந்தது, தாயைக் காணோம். மத்தியானம் இரண்டு மணி வெயிலில், எட்டுப் பேர் நடமாடுகிற தோப்புக்குள் ஒரு காட்டு உயிர் எப்படி வரும் என்று யோசிக்கவே இல்லை. துண்டில் சுருட்டி சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் பேச்சியம்மனுக்கு ஒரு கும்பிடு வேறு.

பால்காரன் வீட்டில் குட்டிக்கு என்ன கொடுப்பான்? பசும்பால். நல்ல கொழுப்புள்ள, கோவாவுக்கு வருகிற பால். முதல் நாள் குடித்தது. இரண்டாம் நாள் வயிற்றால் போக ஆரம்பித்தது. பால் கெட்டியோ என்று தண்ணீர் கலந்து கொடுத்தேன். மூன்றாம் நாள் பின்னங்காலெல்லாம் ஒட்டிக்கொண்டு, கண் உள்ளே போய்விட்டது. அப்போதும் கை நீட்டினால் பாம்பு மாதிரி சீறும். துடைக்கப் போன என் கட்டைவிரலைக் கடித்தது. ஊசி ஊசியான நாலு பல், நல்ல ஆழம்.

“ஏங்க, இது நம்ம பூனை மாதிரி இல்லீங்க. காலு நெட்டையா இருக்கு, வாலு கட்டையா இருக்கு. ஒரு தடவையாவது உர்ர்னு உறுமி மடியில படுத்துச்சா?” என்றாள் மனைவி. நம் ஐந்தும் அடுப்படிப் பக்கமே வராததை அவள்தான் சுட்டிக் காட்டினாள். எனக்கும் முதல் நாளே உள்ளுக்குள் தெரியும். இப்போது எழுதும்போதாவது அதை ஒப்புக்கொள்ள வேண்டும். தெரிந்தும், காட்டுப்பூனை ஒன்று என்னிடம் பழகிவிட்டால் எப்படி இருக்கும் என்ற ஆசை. ராஜபாளையம் வாத்தியாரிடம் பெருமையடிக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

நாலாம் நாள் சாயங்காலம் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் காதைப் பார்த்தார், காது நுனியில் கறுப்பாகக் குறுமயிர். வால் நுனியில் கறுப்பு வளையம். “காட்டுப்பூனை. வளர்ந்தா இந்த வரியெல்லாம் போயிரும். என்ன குடுத்தீங்க?” என்றார். சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டார். பசும்பாலில் உள்ள சர்க்கரை பூனைக்குட்டிக்குச் சரியாகச் செரிக்காது, தாய்ப்பாலில் உள்ள அளவு புரதமும் அதில் கிடையாது என்றார். அப்போது நான் வளர்த்துச் செத்துப்போன குட்டிகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ‘வயிற்றுப்போக்கில் போச்சு, நமக்குக் கொடுத்துவைக்கலை’ என்று கணக்கெழுதி வைத்திருந்தேனே, அவை. இருபது வருஷமாகப் பாலோடு பிழைக்கிறவனுக்குப் பால் தெரியவில்லை.

அவர் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். 1972ஆம் வருஷ வனவிலங்குச் சட்டப்படி இதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம், உடனே வனத்துறையிடம் போங்கள். அதற்கு முன்னால் உங்கள் விரலைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அரசு ஆஸ்பத்திரியில் ரேபிஸ் தடுப்பூசி போடுங்கள். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நாலு தவணை. முதலாளியிடம் லீவு கேட்டபோது “நாய் கடிச்சிருச்சு” என்றேன். ராஜபாளையத்துப் பக்கத்தில் அதை யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

மறுநாள் காலைதான் செக்போஸ்ட், பொய், எல்லாம்.

அந்தக் காவலர் மலையடிவாரத்துப் பளியர் குடியிருப்பைச் சேர்ந்தவர். முப்பது வயது இருக்கும். வனச்சரக அலுவலகத்துக்குப் போனில் சொல்லிவிட்டு, இருட்டும்வரை என்னைத் தன்னோடே இருக்கச் சொன்னார். குட்டிக்கு அவித்த கோழியை மசித்து விரல்நுனி அளவு கொடுத்தோம், டாக்டர் சொன்னபடி. பேசப் பேசத்தான் தெரிந்தது, பூனையைக் கொண்டு பிழைப்பவர் என்றால் எங்களில் அவர் ஒருவர்தான். 1988லிருந்து இந்தக் காடு சாம்பல் நிற அணில் சரணாலயம், நானெல்லாம் அணில் காடு என்றே சொல்லிப் பழகியவன். 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கினார்கள், நாட்டில் 51வது, தமிழ்நாட்டில் ஐந்தாவது, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அதற்குள் நடப்பதுதான் அவருக்கு வேலை. புலிக்கு இடப்பக்கக் கோடு வேறு, வலப்பக்கக் கோடு வேறு. அதனால் ஒரே தடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு கேமராவை மரத்தில் கட்டுவார்கள், நடந்து போகும்போது இரண்டு விலாவும் ஒரே நேரத்தில் படத்தில் விழும். 2022 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு வந்த 306 புலிகளும் இப்படி எண்ணிக் கணித்தவைதான்.

“பூனைன்னா உங்களுக்குப் பிரியமா தம்பி?” என்று கேட்டேன்.

“பிரியமெல்லாம் இல்லீங்க. அதும்பாட்டுக்கு அது போகும், நாங்க தடத்தப் பார்ப்போம். நேர்ல பார்க்காம இருந்தாத்தான் ரெண்டு பேருக்கும் நல்லது.”

எனக்குச் சுருக்கென்றது. அவர் குத்திக்காட்டவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார்.

பொழுது சாய்ந்ததும் குட்டியைக் கூடையோடு பழைய மட்டைக் குவியல் இருந்த இடத்திலேயே வைத்தோம். சுற்றிலும் மண்ணைச் சருகில்லாமல் கூட்டி, கையால் நிரவிவிட்டார். நூறு அடி தள்ளிக் கிணற்று மேட்டில் உட்கார்ந்தோம். டார்ச் கிடையாது, பீடி கிடையாது, பேச்சும் கிடையாது. குட்டி விட்டுவிட்டுக் கத்தியது. பத்து மணிவரை ஒன்றும் வரவில்லை. பனி இறங்கும் முன் குட்டியை எடுத்துக்கொண்டு செக்போஸ்ட்டுக்கே வந்துவிட்டோம். நான் தாங்காமல் “அஞ்சு நாளாச்சே, இனி எங்க வரப்போகுது” என்று வாயை விட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாளும் போனேன். அன்று அவர் என்னை இருக்க விடவில்லை, நாலு மணி அடுப்பு இருக்கிறதல்லவா, போங்க அண்ணாச்சி என்று அனுப்பிவிட்டார். அடுப்பின் முன்னால் நின்று கிண்டுகிறேன், மனசெல்லாம் தோப்பில். அன்று ஒரு சட்டி அடிப்பிடித்தது. இருபத்திரண்டு வருஷத்தில் என் கையில் மூன்றாவது தடவை.

ஒன்பது மணிக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் கூடை சாய்ந்து கிடந்தது. குட்டி இல்லை. நிரவிய மண்ணில் தடம். அவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரலால் காட்டினார். வேலி ஓரமாக வந்திருக்கிறது, கூடையை ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறது, கொஞ்ச நேரம் படுத்திருக்கிறது, திரும்பிப் போயிருக்கிறது. நகம் பதியாத வட்டத் தடம், பூனையுடையது. போகும் தடம் வரும் தடத்தைவிடக் கொஞ்சம் அழுத்தம் என்றார், எனக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தது.

“குட்டியோட தடமே இல்லையே தம்பி?”

“தூக்கிட்டுல்ல போயிருக்கு. நடந்தாத்தானே தடம்.”

“வேற ஏதாச்சும்…”

“கீரியா இருந்தா ரத்தம் கிடக்கும், மயிர் கிடக்கும். ஒண்ணும் இல்ல பாருங்க.”

பார்த்தேன், ஒன்றும் இல்லை. மண்ணில் ஒரே ஒரு உயிர் வந்து ஒரே ஒரு உயிர் போன மாதிரிதான் இருந்தது. உபந்யாசத்தில் கேட்டபோது அந்தத் தாய்ப்பூனை இடத்தில் என்னை வைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் நான்.

தமிழ் படிக்கிற என் மகள் இதைக் கேட்டுவிட்டு, காட்டுப்பூனைக்குப் பழைய பெயர் வெருகு என்றாள். குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடியிருக்கிறாராம். ஒரு பாட்டில் பொழுது சாயும்போது வேலியோரம் வெருகு வர, குஞ்சுகளைக் கூவி அழைத்துத் தவிக்கும் வீட்டுக்கோழி. இன்னொன்றில் முல்லை மொட்டுகள் வெருகு சிரித்தால் தெரியும் பல் மாதிரி. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின அம்மா, பொழுதும் வேலியும் சரியாகச் சொல்லியிருக்கிறார். பல்லைப் பற்றி எனக்கும் சாட்சி சொல்ல விரலில் நாலு புள்ளி இருக்கிறது.

வீட்டில் இப்போது மூன்று பூனைகள்தான், மூன்றுக்கும் குடும்பக்கட்டுப்பாடு ஆகிவிட்டது. பால் நிறுத்தியாயிற்று. முதலாளிக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, நானே சொன்னேன். ஒரு வாரம் என் சட்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு விட்டுவிட்டார்.

அந்தத் தீபாவளிக்கு முந்தின நாள் கடையில் கூட்டம் நெரிந்தது. காவலர் வந்து அரைக்கிலோ கேட்டார். நான் உள்ளேயிருந்து சூடான சட்டியிலிருந்தே எடுத்து வந்து, ஓரமாக அழைத்துப்போய்க் கொடுத்தேன். ஏழு மாதமாகத் தொண்டையில் கிடந்ததையும் சொல்லிவிட்டேன். “தம்பி, அன்னைக்குக் காலையில கிடைச்சதுன்னு சொன்னேன்ல…”

அவர் இலைப்பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார்.

“தெரியும் அண்ணாச்சி. குட்டி மேல பால்வாசம் அடிச்சுச்சு. எங்க காட்டுல பசும்பாலு ஏது?”