படம் மாட்டுகிறவர்கள்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பர்மிங்காமுக்குச் சற்று வடக்கே இருக்கிறது வால்சால். குதிரைச் சேணம் தைத்துப் பேர்பெற்ற ஊர்; உள்ளூர்க் கால்பந்து அணியின் பட்டப்பெயரே 'சேணக்காரர்கள்'. தோல் பட்டறைகள் பெரும்பாலும் அடங்கிப்போன பிறகு, 2000ஆம் ஆண்டில், கால்வாயை ஒட்டி நியூ ஆர்ட் கேலரி என்ற கலைக்கூடம் அங்கே திறக்கப்பட்டது. ஆடம் காருசோ, பீட்டர் செயின்ட் ஜான் இருவரும் வடிவமைத்த கட்டடம். செலவு 2 கோடியே 10 லட்சம் பவுண்டு. வெளியே சுட்டமண் ஓடுகள் போர்த்திய கோபுரம். உள்ளே மரப்பலகை பதித்த சிறு சிறு அறைகள். ஒரு வீட்டுக்குள் நடமாடுவது போலவே இருக்கிறது. சிற்பி ஜேக்கப் எப்ஸ்டீனின் மனைவி கேத்லீன் கார்மன் பக்கத்து ஊரான வெட்னஸ்பரியில் பிறந்தவர். தோழி சாலி ரையனுடன் சேர்ந்து திரட்டிய 365 படைப்புகளை 1973இல் அவர் வால்சாலுக்குக் கொடையாகக் கொடுத்தார். அவை காலவரிசையில் இல்லை. குழந்தைகள், மரங்கள், விலங்குகள் என்று பொருள்வாரியாக அடுக்கப்பட்டு, எப்ஸ்டீனும் வான்கோவும் பெயர் தெரியாத பழங்காலக் கைவினைஞர்களும் ஒரே அறையில் இருக்கிறார்கள். அந்த ஓவியங்களுக்காக மட்டும் நான் அங்கே போகவில்லை. அவற்றைச் சுவரில் நிறுத்திவைத்திருக்கும் வேலையையும் பார்க்கப் போனேன். சிறிய கலைக்கூடங்களில் ஆட்குறைப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் வெட்டு விழுவது அந்த வேலையின் மேல்தான்.

படம் மாட்டுவது தனித் தொழில். கடன் வாங்கிய ஓவியம் மரப்பெட்டியில் வந்து இறங்கினால் உடனே திறக்கக் கூடாது. அறையின் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் அது பழக, ஒரு நாள் முழுக்கப் பெட்டியிலேயே இருக்க வேண்டும். திறந்ததும் சாய்வெளிச்சத்தில் வைத்து, எங்கே வண்ணம் உரிந்திருக்கிறது, சட்டத்தில் எந்த மூலை நசுங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு கீறலையும் எழுதிவைக்க வேண்டும். திருப்பி அனுப்பும் நாளில் எழும் வழக்குக்கு அந்தத் தாள்தான் சாட்சி. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறக்குறைய 150 சென்டிமீட்டரில் வர வேண்டும். ரசமட்டம் சரி என்று காட்டிய பிறகும் கண் சரியில்லை என்று சொல்லும். பழைய சட்டங்களின் நான்கு மூலையும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்த அரைமில்லிமீட்டர் பொய்யை எந்தப் பக்கம் சொல்வது என்று முடிவெடுப்பது அனுபவம். இந்தக் கூடத்தில் வான்கோ 1882இல் வரைந்த 'துயரம்' இருக்கிறது, காகிதத்தில் வரைந்தது. காகிதத்துக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் ஆகாது என்பது இத்தொழிலில் உலகெங்கும் பழகிய கணக்கு. ஒளி செய்த சேதம் கூடும், குறையாது. ஆகவே எந்தப் படம் எத்தனை மாதம் சுவரில் இருந்தது, எப்போது இருட்டறைக்குப் போனது என்று ஒருவர் கணக்கு வைத்திருக்க வேண்டும். அறை மூலையில் நிற்கும் காவல் ஊழியரின் வேலையும் வெறும் காவல் இல்லை. சட்டத்தின் அடியில் புதிதாக உதிர்ந்த மரத்தூளைக் கண்டு, பூச்சி அரிக்கத் தொடங்கிவிட்டது என்று முதலில் அறிகிறவர் அவர்தான்.

தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிறவரை நினைத்துக்கொண்டால் இது நமக்குச் சட்டென்று விளங்கும். ஆயிரம் பேர் வடம் பிடிக்கலாம். வீதி முனையில் தேரைத் திருப்புவது சக்கரத்தடியில் கட்டை செருகும் சில பேருடைய கை. அந்தக் கைப்பழக்கம் ஒரு தலைமுறை விட்டுப்போனால், தேர் எவ்வளவு அழகாக இருந்தாலும் நிலையிலேயே நிற்கும்.

இந்தக் கைகள் முதலில் வெட்டுப்படுவதற்குக் காரணம் பணம் வரும் வழி. கட்டடத்துக்கு நிதி ஒருமுறை வருகிறது. கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம், திறப்புவிழா நடத்தலாம். சம்பளம் மாதாமாதம் வர வேண்டியது. அதற்குக் கல்வெட்டு கிடையாது. இங்கிலாந்தில் 1964ஆம் ஆண்டுச் சட்டம் நூலகம் நடத்துவதை உள்ளாட்சியின் கடமையாக்கியது. அருங்காட்சியகமும் கலைக்கூடமும் விருப்பம் இருந்தால் நடத்தலாம் என்ற அளவோடு நின்றது. 2010க்குப் பிறகு மத்திய அரசு உள்ளாட்சிகளுக்கான மானியத்தைக் குறைத்துக்கொண்டே வந்தபோது, விருப்பத்தின் பேரில் நடப்பவைதான் கத்திக்கு எளிதாக அகப்பட்டன. 2016இல் வால்சால் நகராட்சி தன் பற்றாக்குறையை அடைக்க முன்வைத்த திட்டத்தில் 16 நூலகங்களில் ஒன்றைத் தவிர மற்றவற்றை மூடும் யோசனை இருந்தது. கலைக்கூடத்துக்கான மானியத்தைக் குறைப்பதும் இருந்தது. கூடமே மூடப்படலாம் என்ற அச்சம் எழுந்து, எதிர்ப்பும் கிளம்பி, அது தப்பியது. சில மைல் தொலைவில் வெஸ்ட் ப்ராம்விச்சில் இருந்த 'தி பப்ளிக்' தப்பவில்லை. 7 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்து 2008இல் திறந்த அந்தக் கலை மையம் 2013இல் மூடப்பட்டது. கட்டடம் இப்போது கல்லூரி. கட்டக் கிடைத்த பணம் நடத்தக் கிடைக்காமல் போனதற்கு இதைவிடப் பெரிய சான்று நான் அறிந்த வரையில் இல்லை. 2017இல் வந்த கண்காட்சி வரிச்சலுகையும் இதே சாய்வு கொண்டதுதான். புதிய கண்காட்சி தயாரிக்கும் செலவுக்கு அது உதவும். கூடத்தின் அன்றாட நடப்புச் செலவு அதில் சேராது.

ஆட்குறைப்பைச் சிக்கனம் என்று எழுதும் கணக்கேட்டில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. பிரிட்டனின் சிறிய கூடங்கள் பெரிய அருங்காட்சியகங்களிடமிருந்து கடன் வாங்கும் ஓவியங்களுக்குக் காப்பீட்டுக் கட்டணம் கட்டுவதில்லை. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சேதமானால் ஈடுசெய்யும் பொறுப்பை அரசே ஏற்கிறது. கூடத்தின் பாதுகாப்பு, அறையின் தட்பவெப்பம், பொருளைக் கையாளும் முறை எல்லாம் குறித்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காவலுக்கு ஆளில்லாத, கையாளத் தெரிந்தவர் இல்லாத கூடம் அந்தத் தரத்திலிருந்து நழுவும். நழுவினால் நல்ல ஓவியம் கடனாக வராது. வராவிட்டால் பார்வையாளர் குறைவார்கள். அதைக் காட்டி அடுத்த ஆண்டு மானியம் குறையும். ஆக, இன்று மிச்சம் என்று எழுதியது நாளைய வருவாயின் முதல். இந்த முதலுக்குச் சட்டம் வைத்திருக்கும் விலையைப் பாருங்கள்: 30 வயதில் சேர்ந்து 42 வயதில் வெளியேற்றப்படும் ஒருவருக்குச் சட்டப்படி உரிய குறைந்தபட்ச ஈட்டுத்தொகை பன்னிரண்டரை வாரச் சம்பளம், அந்த வாரச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 20 பேருக்குக் குறைவாக நீக்கினால் கூட்டாகப் பேசியாக வேண்டிய கட்டாயமும் இல்லை. மொத்த ஊழியரே பத்துப் பதினைந்து பேராக இருக்கும் சிறிய கூடம் முழுவதும் கலைந்தாலும் அந்த எண்ணிக்கையைத் தொடாது.

முதியோரைக் கவனிக்கவே நகராட்சியிடம் பணமில்லாதபோது படம் மாட்டுகிறவருக்குச் சம்பளமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், அதைத் தட்டிக்கழிக்கும் உரிமை எனக்கில்லை. ஆனால் நான்கைந்து பேரின் சம்பளத்தை நிறுத்தி முதியோர் பராமரிப்பின் பள்ளத்தை எந்த ஊரும் மூடியதில்லை. அந்தப் பள்ளம் தலைநகரில் எடுத்த முடிவுகளால் விழுந்தது. கட்டடத்தின் கூரையும் வெப்பமும் மின்சாரமும் ஆளில்லாவிட்டாலும் செலவு வைக்கும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஓர் ஓவியத்தை விற்றுச் சமாளிக்கலாமே என்பது இன்னொரு வாதம். பெரி நகராட்சி 2006இல் லவ்ரியின் ஓவியத்தை விற்றது. நார்தாம்ப்டன் 2014இல் சேகெம்கா என்ற பண்டைய எகிப்தியச் சிலையை 1 கோடியே 57 லட்சம் பவுண்டுக்கு மேல் விற்றது. இரண்டு அருங்காட்சியகங்களும் அதிகாரபூர்வ அங்கீகாரத்தை இழந்தன. அங்கீகாரம் போனால் மானியக் கதவுகளும் சாத்தப்படுகின்றன. நுழைவுக்கட்டணம் கூட்டம் வரும் இடத்துக்கே பலன் தரும். தேசிய அருங்காட்சியகங்கள் 2001 முதல் இலவசமாக இருக்கும் நாட்டில், கைப்பணம் குறைந்த ஊரின் வாசலில் உண்டியல் வைப்பது அந்த ஊராரையே வெளியே நிறுத்தும்.

தொண்டர்கள் இருக்கிறார்களே என்ற வாதத்தில்தான் எனக்குப் பாதி உடன்பாடு. வந்தவர்களை வரவேற்கவும் ஓவியத்தின் கதையைச் சொல்லவும் ஊர்க்காரர்களைவிடத் தகுந்தவர்கள் இல்லை. ஆனால் சம்பளமின்றி வாரத்தில் இரண்டு நாள் வேலை செய்ய வசதியுள்ளவர்கள்தான் வர முடியும். சேணப் பட்டறைக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. கண்காட்சி மாற்றும் வாரத்தில் மட்டும் நாள் கூலிக்கு வெளியாளை அழைத்துக்கொள்ளலாம் என்பதிலும் இதே ஓட்டை. நல்ல வெளியாட்கள் உண்டு. அவர்கள் எல்லோரும் எங்கோ ஒரு நிரந்தர வேலையில், ஒரு மூத்தவரின் பக்கத்தில் நின்று கற்றவர்கள். நிரந்தர வேலைகளை எல்லாம் எடுத்துவிட்டால் அடுத்த வெளியாள் எங்கிருந்து வருவார்?

கலைக்கு நிதி ஒதுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். கட்டடத்துக்குப் பணம் கொடுக்கும் அதே ஆணையில், அதை நடத்தும் கைகளுக்கான பத்தாண்டுச் சம்பளத்தையும் ஒதுக்குங்கள். ஒதுக்க முடியாதென்றால் கட்டடத்தைச் சிறிதாகக் கட்டுங்கள்.