ஒன்றரைக் கட்டைக்கு இறங்கிய பேஸ்

"நிரந்தரமா இறக்கப் போறீங்களா தம்பி? நட்டைத் தேய்ச்சுட்டா அப்புறம் திரும்பி வராது."

வடபழனியில் ஒரு மாடிப்படி முடியும் இடத்தில் இருக்கிறது அந்தப் பட்டறை. ஒரு மேசை, ஒரு டியூப்லைட், சுவரில் தொங்கும் ஏழெட்டு கிட்டார்கள், அவ்வளவுதான். செட்டப் செய்பவரை எல்லோரும் அண்ணா என்றே கூப்பிடுகிறார்கள். மேசைமேல் துணி விரித்து ஒரு நாலு கம்பி பேஸ் கிட்டாரைப் படுக்க வைத்திருந்தார். கையில் ஊசியளவு அரம். அந்த பேஸுக்குச் சொந்தக்காரப் பையன் பதில் சொல்லாமல் தன் குழுவின் கிட்டார்காரனைப் பார்த்தான். யோசனை அவனுடையது. ஆனால் அரம் விழப்போவது இவன் கருவியில்.

விஷயம் இதுதான். குழுவில் பாடுகிறவர் கர்நாடகம் கற்றவர். அவருடைய சுருதி ஒன்றரைக் கட்டை, அதாவது சி ஷார்ப். வழக்கமான ட்யூனிங்கில் கிட்டாரின் ஆறு கம்பிகளில் எதுவும் அந்தச் சுரத்தில் இல்லை. ஆகவே எந்தப் பாட்டிலும் ஷட்ஜத்தை விரலால் அழுத்தித்தான் எடுக்க வேண்டும். கம்பி தானாக ஒலித்துக்கொண்டிருக்காது. கிட்டார்காரன் 'டாட்காட்' ட்யூனிங்கைக் கண்டுபிடித்து வந்தான். கம்பிகள் டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று நிற்கும். இங்கிலாந்தின் டேவி கிரஹாம் 1960களில் பரப்பியது. அதை அப்படியே அரைச்சுரம் இறக்கினால் ஒன்றரைக் கட்டையில் ச, ப, ச, ம, ப, ச வந்துவிடுகிறது. சுருதிப் பெட்டியே தேவையில்லை என்று குதித்தான்.

குதிக்காதவன் பேஸ்காரன். வழக்கமான ட்யூனிங்கில் பேஸின் நான்கு கம்பிகளும் கிட்டாரின் கீழ் நான்கு கம்பிகளும் ஒரே வரிசை: இ, ஏ, டி, ஜி. கிட்டார்காரனின் இடக்கையைப் பார்த்தே அடுத்த சுரம் எங்கே என்று இவனுக்குத் தெரிந்துவிடும். மேடையில் பாதி பேச்சு அப்படித்தான் நடக்கிறது. கிட்டார் மட்டும் மாறிவிட்டால் அந்தக் கண்ஜாடை அறுந்துபோகும். அது போக, பாடகரின் ஷட்ஜத்தை ஆழத்தில் பிடிக்க பேஸின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸிலிருந்து ஏறக்குறைய 35 ஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும்.

இறக்குவது என்றால் முடுக்கியைத் திருகுவதுதானே என்று நானும் கேட்டேன். அண்ணா பதில் சொல்லாமல் திருகிக் காட்டினார். மூன்று அரைச்சுரம் இறங்கியதும் கம்பி துணி காயப்போடும் கொடி மாதிரி தொய்ந்தது. தட்டினால் ஃப்ரெட்டில் மோதி 'பஸ்' அடித்தது. பலமாக இழுத்தால் முதல் கணத்தில் சுரம் மேலே ஏறிவிட்டுப் பிறகுதான் இடத்துக்கு வந்தது. கணக்கு எளிது: கம்பியின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மூன்று அரைச்சுரத்துக்கு இழுவிசையில் 29 சதவீதம் போய்விடுகிறது. பழைய விறைப்பு வேண்டுமானால் கம்பி தடிக்க வேண்டும். 0.105 அங்குலக் கம்பி இருந்த இடத்தில் 0.125. ஐந்து கம்பி பேஸ் செட்டிலிருந்து ஐந்தாவது கம்பியை உருவி எடுத்து வைத்திருந்தார்.

தடித்த கம்பி, கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பழைய நட்டின் பள்ளத்தில் உட்காராது. அதற்குத்தான் அரம். பள்ளத்தை அகலப்படுத்தலாம், ஆழப்படுத்தக் கூடாது. இரண்டு இழுப்பு, கம்பியை வைத்துப் பார்ப்பது, மறுபடி இரண்டு இழுப்பு. முடிந்ததும் பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்தார். ட்யூன் செய்யும்போது கம்பி சிக்காமல் வழுக்க அந்தக் கரி போதும். பிறகு ஆலன் கீயால் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைக் கொஞ்சம் திருப்பினார். பாலத்தில் கம்பி உட்காரும் சேடிலைப் பின்னுக்குத் தள்ளி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்து ஹார்மோனிக்கும் ஒன்றாகும்வரை விடவில்லை. ட்யூனர் மீட்டர் பக்கத்திலேயே இருந்தது. அதைக் கடைசியில்தான் பார்த்தார்.

"சென்னைக் காத்துல கழுத்து மரம் சும்மா இருக்காது சார். ஏசி ரூம்ல ட்யூன் பண்ணிட்டு வெளில போனாலே மாறும். ஒரு மாசம் கழிச்சு மறுபடி கொண்டுவரச் சொல்லியிருக்கேன்."

கம்பியைத் தளர்த்துவதை ராக் உலகம் பெரிய கலகமாகப் பேசும். பர்மிங்காமில் தகரத் தொழிற்சாலையில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்த டோனி அயோமிக்கு அது கலகமல்ல, வலிக்காமல் வாசிக்க ஒரு வழி. அவருடைய குழுவான பிளாக் சப்பாத்தின் 1971 ஆல்பத்தில் சில பாட்டுகளுக்கு அவர் மூன்று அரைச்சுரம் இறங்கினார். நம் கணக்கில் அதே ஒன்றரைக் கட்டை! கீசர் பட்லரின் பேஸும் கூடவே இறங்கியது. நமக்கோ இதில் புதுமையே இல்லை என்பேன். ஜி, டி, ஏ, இ என்று கப்பலேறி வந்த வயலினை ச, ப, ச, ப என்று கட்டி, பாடகரின் சுருதிக்கு ஏற்றி இறக்கி வாசிக்கும் ஊர் இது. கிட்டாரிடம் மட்டும் ஏனோ அந்த உரிமையை எடுத்துக்கொள்ளத் தயங்கினோம்.

மாலையில் அவர்களின் ஒத்திகை அறைக்கும் போனேன். பேஸ்காரன் ஃப்ரெட் ஓரத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். முதல் பாட்டில் நாலு இடத்தில் பழைய பழக்கத்துக்குப் போய் முகம் சுளித்தான். ஆனால் பல்லவி முடிந்து எல்லோரும் நின்றபோது, அழுத்தாத அந்தக் கம்பியை ஒருமுறை மீட்டினான். அறையிலிருந்த ஸ்பீக்கர் 35 ஹெர்ட்ஸை முழுசாகக் கொடுத்திருக்காது. அதன் மேல்சுரங்களை வைத்துக் காதே மிச்சத்தைக் கட்டிக்கொள்ளும். பாடகர் கண்ணை மூடி ஷட்ஜத்தில் சேர்ந்தார்.

சேர்ந்தவர், இருமினார். "தொண்டை கட்டியிருக்குடா. இன்னிக்கு மட்டும் ஒரு கட்டைக்கு இறக்கிக்கலாமா?"

கிட்டார்காரன் ஆறு கம்பிகளையும் பார்த்துத் தலையில் கைவைத்தான். பேஸ்காரன் அதற்குள் முதல் முடுக்கியைத் திருக ஆரம்பித்திருந்தான். அவனுக்கு நாலுதானே.