மேடு பள்ளக் களத்துக்கு எந்த வண்டி?

மாடித் தோட்டத்துக்கு நீங்க வாங்கற 5 கிலோ கோகோபீட் கட்டி இருக்குங்களே, அதை எங்க களத்துல பேலட்டுல அடுக்கி லாரி ஏத்தறோம். 200 கட்டி அடுக்கினா ஒரு டன். அதுக்கு ஃபோர்க்லிஃப்ட் தேடினோம்.

மலிவா கிடைச்சது சின்ன கெட்டி டயர் போட்ட பழைய வண்டி. சிமெண்ட் தளத்துல நல்லா ஓடும். எங்க களம் செம்மண்ணு. மழை பேஞ்சா புதையும், மேட்டுல ஏறினா அடிவயிறு இடிக்கும்.

இதுக்கு நாலு சக்கரம் இருந்தாலும் நிக்கறது முக்காலி மாதிரிதான்: முன்சக்கரம் ரெண்டு, பின் அச்சோட நடுப்புள்ளி ஒண்ணு. தகட்டுல போட்டிருக்கற எடையெல்லாம் சமதரைக்குத்தான். சுமையை உசரத் தூக்கிட்டு ஒரு சக்கரம் பள்ளத்துல இறங்கினா கவுந்துரும். ஓட்டப்போறது என் பையனுங்க.

கரட்டுத் தரைக்குன்னே பெரிய காத்து டயர் வண்டி இருக்கு. அந்த விலைக்கு நான் காட்டை விக்கணும்.

கடைசியில இருக்கற டிராக்டருக்கே பின்னால மாட்டற ஃபோர்க் செய்யச் சொல்லியாச்சு. பாதி பேலட்தான் தூக்கலாம், முன்பக்கம் எடைக்கல் மாட்டணும். லாரி உசரத்துக்கும் எட்டாது. அதனால லாரி நிக்கற இடத்தைப் பள்ளமா வெட்ட நாளைக்கு ஜேசிபி வருது.