டிரைவரும் பஸ்ஸும்

கம்ப்யூட்டருக்குள்ளேயும் பஸ் உண்டு, டிரைவரும் உண்டு. ஆனால் அந்த டிரைவர் அந்தப் பஸ்ஸை ஓட்டுவதில்லை. என் தங்கை மகன் இதைச் சொன்னபோது, "நம் ஊர்ப் பஸ்ஸிலும் சில நாள் அப்படித்தானே இருக்கிறது?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. அவன் பிழைப்பே அதில்தான் இருக்கிறது.

பிரிண்டர், காமிரா என்று வந்து சேரும் ஒவ்வொரு கருவியிடமும் அதனதன் பாஷையில் பேசத் தெரிந்த சிறு நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். கருவிகள் வந்து சேரும் பாதை, பஸ். எந்தக் கருவிக்கு எந்த டிரைவர் என்று கண்டறிந்து பிணைத்து வைப்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பொறுப்பு. கல்யாணத் தரகு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்நாளில் இந்தத் தரகு வெகு கரடுமுரடாக நடந்தது. 1981-ல் ஐ.பி.எம். கம்பெனியின் பர்ஸனல் கம்ப்யூட்டர் வெளிவந்ததிலிருந்து பல வருஷங்கள் வரை, அதில் செருகும் அட்டைகளுக்குத் தம் பெயரைச் சொல்லத் தெரியாது. அட்டையிலுள்ள ஜம்பர் என்ற சின்னஞ்சிறு துண்டுகளை இடம் மாற்றிச் செருகி, "இதுதான் உன் கதவு எண்" என்று மனிதன்தான் ஒதுக்க வேண்டும். பிறகு டிரைவர் தேடப் புறப்படும். ஊருக்குப் புதியவர் ஒருவர், "சுப்பையா வீடு இதுதானா?" என்று தெரு நெடுகக் கதவைத் தட்டுவது போலத்தான். ஒரு வீட்டில் இல்லை என்பார்கள். இன்னொரு வீட்டில் நாய் பாயும். நெட்வொர்க் அட்டையைத் தேடிப் போன டிரைவர் வேறு ஏதோ அட்டையைத் தட்டிவிட, இயந்திரமே ஸ்தம்பித்து நின்றுபோன கதைகள் அந்தக் காலத்தில் உண்டு.

1992-ல் பி.சி.ஐ. என்ற பஸ் வந்தது. அதில் ஏறும் ஒவ்வோர் அட்டையும், தன்னைச் செய்த கம்பெனியின் எண், தன் வகையின் எண் இரண்டையும் தன்னுள்ளே பொறித்துக்கொண்டு வர வேண்டும். இன்டெல் கம்பெனி தன் புகழ்பெற்ற 8086 சில்லின் பெயரையே குலப்பெயராகச் சூடிக்கொண்டது! 1996-ல் வந்த யு.எஸ்.பி.யும் இதே வழியில் சென்றது. இப்போது டிரைவர் தெருத் தெருவாக அலைவதில்லை. தனக்குத் தெரிந்த எண்களின் பட்டியலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. வருகிறவரின் எண்ணைக் கேட்டு, ஒப்பிட்டு, உரிய டிரைவரைக் கூப்பிடுவது பஸ்ஸின் வேலை. 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6, எல்லாப் பஸ்களுக்கும் பொதுவாக இந்த ஏற்பாட்டை ஒழுங்குபடுத்தியது.

பெயர் தெரிந்துவிட்டால் போதுமா? 1998 ஏப்ரலில், சிகாகோ கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்கும்போதே விண்டோஸ் 98-ல் ஒரு ஸ்கானரைச் செருகினார்கள். நீலத் திரை விழுந்தது, சபை சிரித்தது. பெயர்ப் பொருத்தம் ஒன்று, குடித்தனம் வேறு.

ஆனால் பெயரே சொல்லாதவற்றை என்ன செய்வது? அதைக் கயத்தாற்றில்தான் கேட்டேன். 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அந்த ஊரைச் சுற்றிலும், பருத்தியும் கம்பும் விளைந்த கரிசலில், இன்று காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசு நிலையம்கூட அங்கே உண்டு. மருமகனுக்கு ஒரு தனியார் காற்றாலையில் வேலை.

அங்கே புதுக் கம்ப்யூட்டர் வந்தது. எதைச் செருகினாலும் அது தானே அறிந்துகொள்ளுமாம். ஆகையால், இருபது வருஷமாக வயரிங் பார்த்துவந்த அண்ணாச்சி இனி எதற்கு என்று ஆபீஸில் பேச்சு எழுந்தது. யு.எஸ்.பி. வழியாக ஓர் இணைப்புப் பெட்டியைச் செருகினார்கள். கண்ணிமைப்பதற்குள் அடையாளம் தெரிந்தது. அப்புறம் சத்தமில்லை.

"வாசல்ல நிக்கிறவன் பேரைச் சொல்லிட்டான், மாமா. அவன் பின்னாடி ஒம்பது மீட்டர் நிக்கி. ஒண்ணுகூட வாயைத் திறக்க மாட்டேங்கு" என்றான்.

அந்த மீட்டர்கள் பேசுவது 1979-ல் பிறந்த மோட்பஸ் என்ற பாஷை. ஒரே கம்பியில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். சரியான வேகத்தில், சரியான எண் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வரும். இல்லாவிட்டால் மௌன விரதம். எந்த மீட்டருக்கு எந்த எண் என்பது அண்ணாச்சியின் கோடு போட்ட நோட்டில்தான் இருந்தது. மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்து டைப் அடித்தான். ஒன்பதும் பேசின.

"நோட்டு உள்ள போயிட்டு தம்பி. இனி நான் எதுக்கு?" என்றாராம் அண்ணாச்சி.

நியாயமான கேள்வி. கைபேசிக்குள்ளும் பெயர் சொல்லாத உறுப்புகள் பல உண்டு. அவற்றை முன்பெல்லாம் லினக்ஸ் நிரலுக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். 2011-க்குப் பிறகு, 'டிவைஸ் ட்ரீ' என்று தனியாக ஒரு பதிவேடு எழுதிக் கொடுக்கும் வழக்கம் பரவியது. கிராமத்து அடங்கல் மாதிரி: இன்ன சர்வே எண்ணில் இன்ன பயிர். ஆக, புது முறையிலும் நோட்டுக்கு இடம் இருக்கிறது. நோட்டு எழுதுகிறவருக்கு?

மீட்டர் ஒன்று பழுதாகும், புதியது வரும். பெரும்பாலும் அது 1 என்ற எண்ணோடுதான் வரும். ஏற்கெனவே 1 இருந்தால் இரண்டும் ஒரே மூச்சில் பதில் சொல்லிக் குழப்பும். அப்போது வெயிலில் நடந்துபோய்ப் பார்த்து, எண்ணை மாற்றி, பதிவைத் திருத்த ஒருவர் வேண்டும். அண்ணாச்சி இன்னும் வேலையில் இருக்கிறார். நாளைக்கும் இருப்பாரா என்பது ஆபீஸுக்கு இது புரிவதைப் பொறுத்தது.

அடங்கல் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதை எழுதுகிறவர் நிலத்தை மிதித்தவராக இருக்க வேண்டும்.